குவாதலூப்: முகப்போடு நின்றுவிடாமல்

காரைக்குடி வட்டாரத்தில் அயல்நாடு என்றால் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று ஒரு பக்கமாகவே பேசிப் பழகியிருக்கிறோம். கொண்டுவிற்கப் போன ஐயாக்களின் கப்பல்கள் அந்தத் திசைகளில்தான் போயின. ஆகவே மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிக் கரீபியன் கடலோரத்தில் இருக்கும் குவாதலூப்புக்குப் போய்வந்தோம் என்று சொன்னதும், ஊரில் பலரும் கேட்ட முதல் கேள்வி, "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்பதுதான். கடற்கரை இருக்கிறது என்று சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். விளம்பரப் படங்களும் வெண்மணல், தென்னை, நீலக் கடல் என்று அதைத்தான் காட்டுகின்றன. கேட்டவர்களில் சிலர் உண்மையாகவே போகும் எண்ணத்தில் இருப்பதால், அவர்களுக்குப் பயன்படும்படி சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலா விருந்தினர்களுக்கு விட்டிருக்கிறோம். வருபவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். முகப்பில் நின்று தேக்குத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு அரை நாளில் கிளம்பிவிடுபவர்களும் அவர்களில் உண்டு. வீட்டின் நடுமுற்றமான வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் வந்து, இந்த அம்மி யாருடையது, இந்த அறையில் யார் பிரசவித்தார்கள் என்றெல்லாம் கேட்பவர்களும் உண்டு. கரீபியத் தீவுகளில் கடற்கரை என்பது அந்த முகப்பைப் போன்றது. அழகானதுதான், வருபவர்களுக்காகவே விரித்து வைக்கப்பட்டதுதான். ஆனால் குடும்பம் நடப்பது உள்ளே. குவாதலூப்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: தங்கும் நாள்களை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியைக் கடற்கரை விடுதிகள் நிறைந்த கிழக்குப் பகுதியிலும் மறு பாதியை மலையும் காடும் நிறைந்த மேற்குப் பகுதியிலும் கழியுங்கள்.

தீவின் அமைப்பைச் சொன்னால் இது விளங்கும். வரைபடத்தில் குவாதலூப் ஒரு வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருக்கிறது. கிழக்குச் சிறகு கிராந்த்தேர். சுண்ணாம்புக் கல்லால் ஆன தட்டையான நிலம், கரும்பு வயல்கள், பவளத்திட்டுகள் காக்கும் அமைதியான கடல். மேற்குச் சிறகு பாஸ்தேர். எரிமலையால் உருவான மலைநாடு, அடர்ந்த மழைக்காடு, அருவிகள், வாழைத் தோட்டங்கள். முன்னது 586 சதுர கிலோமீட்டர், பின்னது 848. இரண்டுக்கும் இடையே ஓடும் உப்புநீர்க் கால்வாயைப் பாலத்தின் வழியே கடந்துவிடலாம். சுற்றிலும் லே சேந்த், மரி கலாந்த், லா தெசிராத் என்ற சிறு தீவுகளும் உண்டு. எல்லாவற்றிலும் சேர்த்து மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

குவாதலூப் தனிநாடு அன்று. பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களில் ஒன்று. யூரோதான் நாணயம். பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழியும் பேசுகிறார்கள்; ஆங்கிலத்தை நம்பிப் போக வேண்டாம். பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். எங்கள் மகன் பாரிசில் வேலை பார்ப்பதால் அவன் விடுமுறையோடு சேர்த்துக்கொண்டோம். மொழிக் கவலையும் அவனோடு போயிற்று. விசாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரான்சின் பகுதி என்றாலும் இத்தீவு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே உங்கள் விசா கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லுபடியாகுமா என்பதைப் பிரெஞ்சுத் தூதரகத்தின் விசா பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தது கார். பேருந்துகள் உண்டு, ஆனால் மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றை நம்ப முடியாது. வாடகைக் கார் இல்லாமல் இந்தத் தீவை உருப்படியாகப் பார்க்க இயலாது. வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதால் நான் அந்த வேலையை மகனிடமே விட்டுவிட்டேன்.

முதலில் கிழக்குச் சிறகு. கோசியே, சேந்த் ஆன், சேன் ஃபிரான்சுவா ஆகிய தென்கரை ஊர்களில்தான் விடுதிகள் நெருங்கி இருக்கின்றன. சேந்த் ஆன் ஊர்க் கடற்கரையில் கடல் முழங்காலளவிலேயே நெடுந்தூரம் போகிறது. வெளியே பவளத்திட்டு அலைகளைத் தடுத்துவிடுவதால், நீச்சல் தெரியாதவர்களும் வயதானவர்களும் அச்சமின்றி அமர்ந்து குளிக்கலாம். ஊருணியில் நீச்சல் பழகிய என் மனைவிக்கு அந்த ஆழம் போதவில்லை என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் அண்டா குண்டாக்களோடு வந்து நிழலில் இடம் பிடித்துவிடுகின்றன. அந்த நாளில் போனால் கூட்டம் இருக்கும், ஆனால் தீவின் மக்களைப் பார்க்கலாம்.

கடற்கரையில் இரண்டு எச்சரிக்கைகள். கரையோர மரங்கள் சிலவற்றின் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அது மான்செனியே என்னும் நச்சுமரம். சிறு ஆப்பிள் போன்ற அதன் கனியை வாயில் வைத்தாலும் ஆபத்து, மழையில் அதன் கீழ் ஒதுங்கினால் இலைகளிலிருந்து வழியும் நீர் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும். மற்றொன்று சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி. 2011ஆம் ஆண்டிலிருந்து அட்லாண்டிக்கிலிருந்து பெருமளவில் வந்து, கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகளில் ஒதுங்கி அழுகுகிறது. அழுகும்போது முட்டை கெட்ட நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்புகிறது. விளம்பரங்களில் இது இருக்காது. பாசி ஒதுங்கும் நாள்களில் மேற்குக் கரைக்குப் போய்விடுவதே நல்லது. தங்குமிடத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராந்த்தேரின் கிழக்கு முனையான புவாந்த் தே ஷாத்தோவில் நிலம் குறுகிப் பாறைகளாக உடைந்து கடலுக்குள் முடிகிறது. சிறு குன்றின் மேல் ஒரு பெரிய சிலுவை நிற்கிறது. அங்கிருந்து லா தெசிராத் தீவு தெளிவாகத் தெரியும். குளிக்கக் கூடாத கடல், பார்ப்பதற்கு மட்டுமே. வெயில் ஏறுமுன் காலையில் போய்விட வேண்டும்.

இந்தச் சிறகில் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது மோர்ன்-அ-லோ என்ற ஊரின் கல்லறைத் தோட்டம். ஒரு குன்றுச் சரிவு முழுவதும் சிறு வீடுகளைப் போன்ற கல்லறைகள். பெரும்பாலானவற்றின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஓடு பதித்திருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தருவித்து வளவில் பாவிய வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, அதே கட்டங்களை இறந்தவர்களின் வீட்டில் பார்ப்பது சற்றுத் திகைப்பாகவே இருந்தது. கறுப்பு என்பது ஐரோப்பியரின் துக்க நிறம், வெள்ளை என்பது ஆப்பிரிக்கரின் துக்க நிறம், இரண்டும் இங்கே கலந்தன என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கல்லறையைச் சுற்றுலாவாகப் பார்ப்பதா என்று என் மனைவி தயங்கினார். உள்ளே போனதும், ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரின் இடத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்து, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டை வைத்திருப்பதைப் போல வைத்திருக்கிறார்களே என்றார். நவம்பர் 1 மாலையில் இங்கே கல்லறைதோறும் மெழுகுவத்திகள் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் தீவில் இருக்க வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

பக்கத்தில் லெ மூல் அருகே செவாலோஸ் என்ற பழைய தோட்ட மாளிகை இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் கட்டிய மாடி வீடு. ஈஃபெல் பட்டறையில் வார்த்த இரும்பு என்று சொல்லப்படுகிறது. பேய் உலவும் வீடு என்ற பெயரும் அதற்கு உண்டு. பாதி நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு எல்லாம் இந்தப் பெயர் இருப்பதால் எங்களுக்கு அதில் வியப்பு இல்லை.

புவாந்த்-அ-பீத்ர் நகரில் இரண்டே இடங்களுக்கு நேரம் ஒதுக்கினால் போதும். ஒன்று, இரும்புக் கூரையிட்ட சேந்த் அந்துவான் சந்தை. ஜாதிக்காய், பட்டை, வனிலா, மஞ்சள், மிளகாய் என்று மேசை மேசையாக அடுக்கியிருக்கிறார்கள். விற்கும் பெண்கள் பலர் தலையில் கட்டியிருப்பது கட்டம் போட்ட மதராஸ் துணி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கட்டம் போட்ட பருத்தித் துணி, கிரியோல் பெண்களின் விழாக்கால உடையாகவே ஆகிவிட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை உடுத்தி என் மனைவி அந்தச் சந்தைக்குள் நுழைந்தபோது, மூன்று கடைக்காரப் பெண்கள் எழுந்து வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க மகன் வாய் திறப்பதற்கு முன்பே அவர்களுக்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் புனித லாரன்ஸ் திருநாளையொட்டிச் சமையல்காரப் பெண்களின் விழா நடக்கிறது. இதே உடையில், தாங்கள் சமைத்த பண்டங்களைக் கூடைகளில் ஏந்தி ஊர்வலமாகத் தேவாலயத்துக்குப் போய் மந்திரிக்கச் செய்து, பிறகு விருந்து வைப்பார்கள்.

மற்றொன்று, மெமோரியல் ஆக்த் என்ற அடிமை வரலாற்று நினைவகம். தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், துறைமுகக் கரையிலேயே கட்டி 2015இல் திறந்தார்கள். கறுப்புச் சுவரின் மேல் வெள்ளி வேர்கள் படர்ந்ததைப் போன்ற கட்டடம். உள்ளே குறைந்தது அரை நாள் வேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் இவ்வளவு கனமான ஒன்றைப் பார்க்க வேண்டுமா என்று நினைப்பவர்கள் இருக்கலாம். பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இல்லாவிட்டால் அந்தக் கரும்பு வயல்களை வெறும் பச்சையாகவே பார்த்துவிட்டுத் திரும்புவோம். 1802இல் நெப்போலியன் ஆட்சி அடிமை முறையை மீண்டும் கொண்டுவர முனைந்தபோது, லூயி தெல்கிரேஸ் என்ற படைத்தலைவர் தம்மைச் சேர்ந்தவர்களோடு மத்தூபா மலைப்பகுதியில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டார். மேற்குச் சிறகில் அதே பெயர் கொண்ட பாஸ்தேர் நகரின் கோட்டை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி மேற்குச் சிறகு. இரண்டு சிறகுகளையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து, காட்டின் நடுவே மலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் டிராவர்சே சாலையில் ஏறியவுடன் காற்றே மாறிவிடுகிறது. 1989இல் அமைந்த தேசியப் பூங்காவின் உள்ளே போகும் சாலை இது. சாலையோரத்திலேயே, சில நிமிட நடையில், எக்ரெவீஸ் அருவி. சிறியது, பேருந்துகளில் வரும் கூட்டமும் உண்டு, ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுவே எட்டும் அருவி.

நடக்க முடிந்தவர்கள் கார்பே அருவிகளுக்குப் போக வேண்டும். மூன்று அருவிகள், இரண்டாவது 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நுழைவுக் கட்டணம் கட்டி, சீரான படிப்பாதையில் இருபது நிமிடம் நடந்தால் எதிரே நின்று பார்க்கலாம். முதல் அருவிக்குப் போவது மணிக்கணக்கான மலையேற்றம்; இளைஞர்களுக்கு உரியது. குற்றாலத்தைப் போல அடியில் நின்று குளிப்பதற்கு இங்கே வழியில்லை. பாறை சரியும் அபாயத்தால் தூரத்திலேயே தடுத்திருக்கிறார்கள்.

சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். சிறு ஆன்டிலிஸ் தீவுகள் அனைத்திலும் உயர்ந்த சிகரம். 1976இல் அது புகைந்து சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி, மாதக்கணக்கில் வேறிடங்களில் தங்க வைத்தார்கள். இன்றும் உச்சியில் கந்தக ஆவி வெளிவருகிறது. ஆபத்தான பகுதிகளைக் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள். பேன் ஜோன் என்ற இடத்தில் வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏற்றம் அங்கிருந்து தொடங்குகிறது. மகன் விடியுமுன் கிளம்பி உச்சிக்குப் போய்த் திரும்பினான். மேலே மேகம் மூடி எதிரில் இருப்பவரே தெரியவில்லை என்றான். ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவுக்கு மழை கொட்டும் உச்சி அது. ஒரு மீட்டருக்கும் குறைவான மழையை ஊருணிகளில் தேக்கி, கூரைநீரை வளவுத் தாழ்வாரத்தின் கிடாரத்தில் பிடித்து வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கணக்கே நம்பமுடியாததாக இருந்தது. நானும் மனைவியும் கீழே வெந்நீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதற்கே அந்தப் பயணம் தகும்.

மேற்குக் கரையில் புய்யாந்த் ஊரை ஒட்டிய மலாந்தூர் கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். எதிரே தெரியும் பிஜோன் திட்டுகளைச் சுற்றியுள்ள கடல், பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோ பெயரில் பாதுகாக்கப்படுகிறது. முகக்கண்ணாடி மாட்டிக் கரையிலிருந்து சற்று நீந்தினாலே, கடற்புல் மேயும் ஆமைகளைப் பார்க்கலாம். தொடவோ துரத்தவோ கூடாது. நீந்தாதவர்களுக்குக் கண்ணாடித் தளம் போட்ட படகுகள் உண்டு. என் பரிந்துரை இந்தப் படகுதான்: ஒரு மணி நேரத்தில் பவளமும் மீன்கூட்டமும் காலடியில் ஓடுகின்றன, முதுகும் வெயிலில் கருகுவதில்லை. இன்னும் வடக்கே தெயே என்ற மீனவ ஊர். அங்கே ஒரு தாவரத் தோட்டமும், துருநிற மணல் விரிந்த கிராந்த் ஆன்ஸ் கடற்கரையும். தீவின் கடற்கரைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் கிராந்த் ஆன்ஸையே தேர்ந்தெடுப்பேன். அலை சற்று வலியது. கரையிலேயே ஆழம் இறங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மேற்குச் சிறகின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனால் கபெஸ்தேர்-பெல்-ஓ. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, நெடுஞ்சாலையோரத்தில், வண்ணச் சுதைகளோடு ஒரு கோயில் தெரியும். ஷாங்ஜி கோயில் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ் படித்தவர் எவரும் இந்த இடத்தில் காரை நிறுத்தாமல் போகமாட்டார். ஆனால் நிறுத்துவதற்கு முன் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிவந்த ஒரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று புவாந்த்-அ-பீத்ர் துறைக்கு வந்தது. 1889 வரை ஏறத்தாழ 42 ஆயிரம் பேர் இவ்வாறு வந்து இறங்கினர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் பலர். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சிலரே. நோயிலும் வேலைக் கொடுமையிலும் மடிந்தவர்கள் ஏராளம். தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் மறுக்கப்பட்டன. இதே கபெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வெற்றி பெற்றது.

எங்கள் ஐயா சைகோனில் கடை வைத்திருந்தவர். அவர் பெட்டகத்தில் பிரெஞ்சு முத்திரையிட்ட தாள்கள் இன்னும் இருக்கின்றன. அதே பிரெஞ்சு அரசின் கீழ், அதே கடற்கரையிலிருந்து புறப்பட்டு, ஒரு சாரார் கணக்குப் பேரேட்டோடு கிழக்கே போனார்கள். வேறு ஒரு சாரார் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தோடு மேற்கே போனார்கள். இரண்டையும் சேர்த்துக் 'கடல் கடந்த தமிழர் பெருமை' என்று மேடையில் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஷாங்ஜி கோயில் வாசலில் நின்றபோது அந்தப் பேச்சு எவ்வளவு பொருந்தாதது என்று தோன்றியது.

கோயிலில் மாரியம்மனும் மதுரைவீரனும் முதன்மை. நாகூர் ஆண்டவரையும் நாகூமீரா என்று கொடியேற்றி வணங்குகிறார்கள். இதைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. நாகூருக்கு நேர்ந்துகொள்ளாத கடலோடி யார்? வேண்டுதல் நிறைவேறினால் கிடா வெட்டி, தப்பும் மத்தளமும் முழங்க, வந்தவர்க்கெல்லாம் சோறு போடுவது வழக்கம். பூசாரிகள் பாடும் தமிழ்ப் பாடல்கள் வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்தவை; வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். ஆகவே அங்கே போய் 'தமிழ் தெரியுமா' என்று ஒவ்வொருவரையும் சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் படம் எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கருப்பர் கோயிலில் வெளிநாட்டவர் நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் முறைதான் அங்கே நமக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நம் ஊர்க்காரருக்குச் சொல்லாமல் விட முடியாது. கருவாட்டைப் போல உப்பிட்ட காட் மீனைப் பிசைந்து பொரித்த அக்ரா, எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் கறியோ மீனோ வைத்துத் தரும் போகிட், இரண்டும் தெருவோரப் பண்டங்கள். கொலொம்போ என்ற மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி, தீவின் எல்லா உணவகங்களிலும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு வந்த சமையல் அது. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் எல்லாம் இருக்கும் அந்தப் பொடியில் மிளகாய் இருக்காது. காரம் வேண்டுவோர்க்கு அந்தத் தீவின் குண்டு மிளகாயைத் தனியே சேர்க்கிறார்கள். சந்தையில் வாங்கிவந்த பொட்டலத்தை ஆத்தாவிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி முகர்ந்துவிட்டு, "வறுத்தது பத்தலை. சோம்பும் காணோமே" என்று சொல்லி மூடிவைத்துவிட்டார்கள்.

சைவம் மட்டும் உண்பவர்கள் விடுதியை நம்ப வேண்டாம். மேற்குப் பகுதியில் அடுப்படியோடு கூடிய சிறு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளிகளில் என் மனைவி அங்கேதான் சமைத்தார். சந்தையில் வாழைக்காய், சௌசௌ, பரங்கிக்காய், சேனை வகைகள், சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். பெரும்பாலான மளிகைப் பொருள்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வருவதால் விலை பாரிசையே மிஞ்சும். சாலையோரத்தில் மரவாளியைக் கையால் சுழற்றித் தேங்காய்ப் பாலில் ஐஸ் செய்து விற்கும் பெண்களைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். ரம் ஆலைகளைக் குடிக்காதவர்களும் பார்க்கலாம். வெல்லப்பாகிலிருந்து வடிக்காமல், புதிதாகப் பிழிந்த கரும்புச் சாற்றையே புளிக்க வைத்து வடிப்பது பிரெஞ்சுத் தீவுகளின் வழக்கம். கரும்பு வெட்டும் காலமான ஆண்டின் முதல் பாதியில் போனால் ஆலை ஓடுவதைப் பார்க்கலாம்.

சிறு தீவுகளில் லே சேந்த் கட்டாயம் போக வேண்டிய இடம். துருவா ரிவியேர் துறையிலிருந்து படகில் அரை மணி கூட ஆகாது. அந்தத் துறைக்கு அருகிலேயே, ஐரோப்பியர் வருவதற்கு முன் வாழ்ந்த தொல்குடிகள் பாறைகளில் செதுக்கிய உருவங்களும் உள்ளன. லே சேந்த் கூட்டத்திலுள்ள தேர்-தெ-ஓ தீவின் வளைகுடாவும், குன்றின் மேலுள்ள நெப்போலியன் கோட்டையும் அரை நாளுக்குப் போதுமானவை. கோட்டை முற்பகலில் மட்டுமே திறந்திருப்பதால் இறங்கியதும் முதலில் அங்கே ஏறிவிடுங்கள். 1782இல் இந்தக் கடலில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த போரைப் பற்றிய காட்சிகள் உள்ளே இருக்கின்றன, மதிலோரம் உடும்பை ஒத்த இகுவானாக்கள் வெயில் காய்கின்றன. இந்தத் தீவின் மீனவர்கள் அணியும் சலாகோ என்ற அகன்ற தொப்பியைக் கவனியுங்கள். மூங்கில் சட்டத்தின் மேல் துணி போர்த்திய அந்தத் தொப்பி இந்தோசீனாவிலிருந்து வந்தது என்கிறார்கள். போர்த்திய துணி பல நேரம் மதராஸ். சைகோன் ஐயாவின் பேரனுக்கு அதை வாங்காமல் திரும்ப மனம் வரவில்லை. படகுத்துறையில் தேங்காய்ப் பூரணம் வைத்த சிறு கேக்குகளைக் கூடையில் விற்பார்கள்; சுடச்சுட இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். மரி கலாந்த் பழைய காற்றாலைகளும் மாட்டு வண்டிகளும் உள்ள அமைதியான தீவு. கிராமம் பார்த்து அலுத்த நமக்கு அதற்கென்று ஒரு நாளைச் செலவிடுவது அவ்வளவு அவசியமில்லை.

போவதற்கு உகந்த காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும் வரும் காலம். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் கார்னிவல் ஊர்வலங்களும் சேர்ந்து வரும்போது விமானக் கட்டணம் ஏறிவிடும். கார்னிவலைப் பார்ப்பதே நோக்கம் என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நேரம் குறைவாக உள்ளவர்கள் முதலில் மலாந்தூரையும் கிராந்த் ஆன்ஸையும், அடுத்து கார்பே அருவியையும் ஷாங்ஜி கோயிலையும் ஒரே நாளில் சேர்த்தும், பிறகு லே சேந்தையும் பார்த்துவிட்டு, மீதி நாளை நினைவகத்துக்கும் சேந்த் ஆன் கடலுக்கும் வைத்துக்கொள்ளலாம். புவாந்த்-அ-பீத்ரைச் சுற்றியுள்ள சாலைகளில் காலையும் மாலையும் வண்டிகள் நகராது. சிறகு மாறும் பயணத்தை நடுப்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். லே சேந்துக்குப் போகும்போது, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் இறங்கியவுடனேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.